வாழைத் தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கி

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து டவுணுக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு வாழை விவசாயிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“துப்பாக்கி கட்டையா, கனமில்லாம இருக்கணும்வே. அப்பதான் தூக்கிட்டு ஓட முடியும்.”

“காட்டுப்பன்னிய விரட்டிக்கிட்டா?”

“அது நம்மள விரட்டுச்சுன்னா?”

கூட்டாளி சிரித்தார். “ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட இழுத்துத் தள்ளணும்லா. ஓடிக்கிட்டே எப்படி இழுப்பீரு?”

“மரத்துல ஏறிக்கிட்டு இழுப்பேன்.”

“வாழ மரத்துலயாவே?”

மரத்தில் ஏறுவதாகச் சொன்னவரின் மனைவி, பக்கத்துச் சீட்டிலிருந்து திரும்பினார்.

“அண்ணாச்சி, பாதித் தோட்டத்தப் பன்னி சாச்சிட்டு. இவுக பேசிக்கிட்டே இருக்காகன்னு நாந்தான் மனுக் கொடுத்தேன். லைசென்சு எம் பேருலதான் வந்திருக்கு. சுடப்போறதும் நாந்தான்.”

“அப்போ இவரு என்ன செய்வாரு மைனி?”

“டார்ச் லைட்டு அடிப்பாக.”