டிவியில் ஒரு செத்தவீடு

டென்மார்க் அரசர் இறந்த வாரம், ஹனோவர் டிராமில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள்.

“இஞ்சேருங்கோ, அரசற்றை செத்தவீட்டை டிவியில பார்த்தாலும் முழுகத்தானே வேணும்?” என்றார் மனைவி.

“விசர்க் கதை. வீட்டுக்காரம்மா சனிக்கிழமை மட்டும்தானே எங்களைக் குளிக்க விடுறவ. பார்க்கப் போகாதையும்.”

“அவ புருசனை இழந்த மனுசி. தனியப் பார்க்க ஏலாதெண்டுதான் என்னைக் கூப்பிட்டவ. எங்கட வழக்கத்தை அவவுக்கே சொல்லிப்போட்டன்.”

“ஐயோ! என்னவாம்?”

“இண்டைக்கும் குளியலறையைத் திறந்து விடுறாவாம். தானும் முழுகப்போறாவாம். தன்ரை மனுசன் செத்தபோது இப்பிடி ஒருத்தரும் சொல்லித் தரேல்லையாம்.”

கணவர் பையை எடுத்துக்கொண்டு இறங்க எழுந்தார்.

“அப்ப டிவிக்கு முன்னால எனக்கும் ஒரு கதிரை போடச் சொல்லும்.”