தூக்கம் என் பொறுப்பு

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை மேலாளர் அவர்களே, தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கும் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் சலவைக்கூடத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பழைய சார்ஜண்டின் வணக்கம்.

எனக்கு மெதுவாகப் பேச வராது. வாழ்நாளெல்லாம் மைதானத்தில் கத்திப் பிழைத்தவன் நான். அதனால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். நடுவில் என் குரல் கம்மிப்போனால் அது மைக்கின் கோளாறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் இரவு மேற்பார்வையாளருக்காக. ஆனால் அந்தப் பதவியைச் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டதுண்டா? பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ஷிப்ட் அக்கா. அவரைவிட வயதில் மூத்தவன் நான், எனக்கும் அவர் அக்காதான்.

போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "கொடுத்து வெச்ச சாவு" என்று வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்தவர் தூக்கத்துக்கெல்லாம் காவல் இருந்தாரே, அவரைத் தூக்கத்திலா வந்து கொண்டுபோக வேண்டும்? இது என்ன நியாயம்!

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராணுவப் பயிற்சிப் பருவம் வந்துவிட்டால் இந்த நாட்டில் குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட ஒவ்வொரு ஆணும் விடிவதற்குள் மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். ஓட்டம், தண்டால், கயிறு ஏறுதல். பருவத்தின் முடிவில் தேர்வு. அதில் தோற்றால் அரை வருஷம் முகாம்வாசம், வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பகலில் வேலை பார்ப்பவன் தூங்கி எழுந்து வருவான். இரவு ஷிப்ட் பார்ப்பவன்? அவனுக்கும் அதே நேரம்தான். இரவில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள் என்பதே சட்டத்துக்குத் தெரியாது. அந்த மைதானத்தில் விசில் வைத்திருந்தவன் நான். பையன்கள் எனக்கு வைத்த பெயரும் விசில்தான். வேறொரு பெயரும் உண்டு. அது சபையில் சொல்லத்தக்கதல்ல.

ஒரு நாள் காலை. இரண்டு வரிசைகளை எதிரெதிராக நிறுத்தி, "கையை முன்னால் நீட்டு!" என்றேன். நீட்டினார்கள். "இறக்கு!" என்றேன். எல்லோரும் இறக்கினார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவன் சலவைக்கூடத்தின் இஸ்திரிக்காரன். எதிரே நின்றவன் அவனுடைய கூட்டாளி நெட்டை. இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஆனால் கைகள் சும்மா இல்லை. இல்லாத ஒரு படுக்கை விரிப்பின் நுனிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். நெட்டை இரண்டடி முன்னால் வந்து தன் நுனிகளை இஸ்திரிக்காரன் கையில் கொடுத்தான், குனிந்து கீழ்மடிப்பைத் தூக்கினான். இஸ்திரிக்காரன் அதை நீவிப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினான்!

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கலாமா? சார்ஜண்ட் ஆயிற்றே! இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னேன். நெட்டை ஓடினான். இஸ்திரிக்காரன் வளைவில் திரும்பாமல் நேரே போய்க் கால்பந்து வலையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே குறட்டை விட ஆரம்பித்தான்.

மறுநாள் அக்கா வந்தார். ரப்பர் பூட்ஸ், ஈரம் சொட்டும் ஏப்ரன்.

"சார்ஜண்ட் சார், எங்க பசங்களை நேத்து எதுக்கு ஓட விட்டீங்க?"

"வரிசையில தூங்கினாங்கம்மா."

"தூங்கலை சார், வேலை பார்த்தாங்க. தூக்கத்துலயும் மடிப்பு பிசகலையாமே? உங்க ஆளுங்க யாராவது தூக்கத்துல சல்யூட் அடிப்பாங்களா?"

நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"நேரத்தை யாரு மாத்தச் சொன்னா? ஓட்டம் உங்க பொறுப்பு, தூக்கம் என் பொறுப்பு. நான் தூங்க வெச்சு அனுப்பறேன். நீங்க எங்க பசங்களை முதல்ல ஓட விட்டு முதல்ல அனுப்பிடுங்க. அது போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நிதானமா யோசிங்க சார். நான் இங்கதான் நிக்கறேன்."

எவ்வளவு நேரம் யோசிக்க முடியும், சொல்லுங்கள்! பயிற்சி பெற்ற சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாளிடம் நான் சரணடைந்தேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் சலவைக்கூடத்தின் தூக்க முறை. பயிற்சிப் பருவத்தில், மைதானத்துக்குப் போகவேண்டியவர்கள் டிரையருக்குப் பின்னால், கதகதப்பான இடத்தில், கம்பளி மூட்டைகளின் மேல் முறைபோட்டுப் படுப்பார்கள். அவர்கள் பங்கு வேலையை மற்றவர்கள் செய்வார்கள். "அவங்க தூங்கணும், நாங்க மடிக்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டதாம். அக்கா கோபிக்கவில்லை. "உன் குவியல்ல பாதியை இந்தப் பக்கம் தள்ளு" என்றாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பும் பழக்கமும் அவருக்கில்லை. டிரையரிலிருந்து எடுத்த சூடான துண்டை உள்ளங்காலில் சுற்றுவார், அவ்வளவுதான். பெற்ற தாய்கூட இப்படி எழுப்பியிருப்பாளா?

"நீங்க எப்பம்மா தூங்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்ன சார், எனக்கு விசில் ஊத ஆளா இருக்கு?" என்று சிரித்தார். சிரித்து மழுப்பிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

தோழர்களே, அந்த இஸ்திரிக்காரனுக்குத் தேர்வு வெறும் தேர்வு அல்ல. பிரசவத்தில் மனைவியை இழந்தவன் அவன். கையில் பால்மணம் மாறாத பெண் குழந்தை. இரவில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவான். அவன் முகாமுக்குப் போனால் அந்தக் குழந்தைக்கு வேறு நாதியில்லை, விடுதியில்தான் சேர்க்கவேண்டும். விடுதிக்குப் போன குழந்தை அரை வருஷம் கழித்து அப்பன் முகத்தை அடையாளம் காணுமா? அவனுக்கு அதுதான் பயம். அந்தப் பயமே பாதித் தூக்கத்தைத் தின்றது.

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பேருந்து கவிழ்ந்தது. வார்டுகள் நிரம்பி வழிந்தன. விரிப்பு வேண்டும், போர்வை வேண்டும், அறுவைக்கூடத்துக்குத் துணி வேண்டும். அன்றைக்கு யாரும் மூட்டைப் பக்கமே போகவில்லை, யாராலும் போகச் சொல்லவும் முடியாது. விடிவதற்குச் சற்று முன் சலவைக்கூட வண்டி மைதானத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியாக அக்கா இறங்கினார், வரும் வழியில் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கிவந்த அந்தக் குழந்தை இடுப்பில்.

"இன்னைக்கு எங்க பசங்களைக் கடைசியில விடுங்க சார்."

பருவம் முழுக்க முதலில் விடு என்று கேட்டவர் கடைசியில் விடு என்கிறார்! தேர்வு பார்க்க வந்த மேலதிகாரி, "ஏன் வரிசையை மாத்தறே?" என்று கேட்டார். "வரிசை போடறது சார்ஜண்ட் வேலை சார்" என்றேன். அப்படிப் பேசும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் நின்றவரிடமிருந்துதான்!

மரத்தடியில் கம்பளி விரித்துப் பையன்களைப் படுக்க வைத்தார். தலை சாய்ந்ததும் தூங்கிவிட்டார்கள். அதற்குள் முதல் அணி கூச்சல் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அக்கா ஓடுபாதையின் ஓரத்துக்குப் போய் நின்று, உதட்டில் விரலை வைத்தார். அவ்வளவுதான் செய்தார்! கூச்சல் அடங்கிவிட்டது. அடுத்த அணிக்கு நான் விசிலை வாயில் வைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையை ஆட்டினேன். அன்று முழுவதும் கைக்குட்டைதான். ராணுவத் தேர்வு ஒன்று குழந்தை தூங்கும் வீட்டைப்போல நடந்தது. உறுமிக்கொண்டே இருக்கும் மேலதிகாரிகூட என்னிடம் வந்து, காதோரம் குனிந்து, "இன்னும் எத்தனை அணி பாக்கி?" என்று கிசுகிசுத்தார்!

கடைசியில் அவர்கள் முறை வந்தது. அக்கா ஒவ்வொருவர் உள்ளங்காலையும் தன் கையால் தேய்த்து எழுப்பினார். ஓடினார்கள். இஸ்திரிக்காரன் கடைசியில் வந்தான். கோட்டைத் தொட்டு விழுந்தான். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "தேறிட்டான்" என்றார். மயிரிழையில்தான், ஆனாலும் தேறிவிட்டான்! அக்கா குழந்தையைக் கொண்டுபோய் அவன் மடியில் விட்டார். ஏப்ரனால் கண்ணைத் துடைத்தவர், நான் பார்ப்பதைக் கண்டு, "சோப்புத் தண்ணி சார்" என்றார். அன்றைக்கு அவர் சோப்பைத் தொட்டே வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்தக் குழந்தை இன்று இந்த அரங்கில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்க வேண்டாம்மா, அழு, நன்றாக அழு. எனக்கும் உன்னோடு சேர்ந்து அழ வேண்டும்போல இருக்கிறது.

அன்பர்களே! அடுத்த பருவம் தொடங்கப்போகிறது. சட்டம் இன்னும் மாறவில்லை. மைதானத்தில் வேறொரு விசில் ஊதுகிறது. அக்கா இல்லை. தூக்க முறை என்ன ஆகும்? இவ்வளவு காலமும் நிர்வாகத்துக்கு இது தெரியாது என்று சொல்வார்கள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் மாதிரி நடிப்பவனை எழுப்ப முடியாது. மேலாளர் அவர்களே, உங்களைச் சொல்லவில்லை, கோபிக்காதீர்கள். ஆனால் இங்கேயே, இத்தனை பேர் முன்னால், அது தொடரும் என்று ஒரு தலையசைப்புக் கொடுங்கள்.

தலையசைத்துவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?

சரி. படுக்கிறவன் பங்கை யாராவது செய்தாக வேண்டுமே. நான் ஓய்வு பெற்றவன், பென்ஷனைத் தின்றுவிட்டு வீட்டில் சும்மா இருப்பவன். பருவம் முழுக்க நான் வருகிறேன். எனக்கு மடிக்கத் தெரியாது, கற்றுக்கொடுங்கள். என் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிப்ட் அக்கா! உங்கள் பையன்கள் தூங்காமல் மைதானத்துக்கு வரமாட்டார்கள். இது இந்தச் சபையின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக, எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லமாட்டேன். நேற்று இரவு வேலை பார்த்தவர்கள் யாரும் எழ வேண்டாம். உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் நிற்கிறோம். யாராவது அப்படியே தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வெளியே போங்கள். அவர்களாக எழுந்து வரும்வரை நான் வாசலில் நிற்கிறேன்.