துஷாந்தின் காருக்குப் போட்ட கண்ணாடி

பின்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டால் அவசரப்பட்டு மாற்றக் கூடாது, சார். எந்தக் கண்ணாடி என்று முதலில் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியில் கல் பட்டால் விரிசல் விட்டுக்கொண்டு இடத்திலேயே நிற்கும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை, ஒரே அடியில் கல்லுப்பு மாதிரி உதிர்ந்துவிடும். அதிலும் கதவில் ஏறி இறங்குகிற கண்ணாடி ஒரு வேலை. கதவுக்கும் பின்னால், டிக்கிப் பக்கமாகப் பசை போட்டு அசையாமல் ஒட்டியிருக்கும் கண்ணாடி வேறு வேலை. ஆட்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுக் கொடு என்பார்கள்.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான், அதனால் இங்கிருந்து ஆரம்பித்தேன். நான் தமிழில் சொல்வதை நீங்கள் சிங்களத்தில் எழுத வேண்டும் அல்லவா, மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் செல்லசாமி. டிக்கோயாவில் ரோட்டோரமாக வாகனக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் சிவனொளிபாத மலையடியில், நல்லதண்ணி ஊரில், வாகனம் நிறுத்துகிற இடத்தில், காருக்குள்ளேயே இறந்துகிடந்த துஷாந்த் என் தங்கச்சி புருஷன். என்ஜினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறான், புகை உள்ளே வந்திருக்கிறது, விபத்து என்று முடித்தீர்கள். உங்கள் ஆட்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். பார்க்கக் கூடியதை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தங்கச்சி ஜீவராணி சின்னப் பிள்ளை. அப்பா அதற்கு முன்பே இல்லை. போன அம்மா அங்கேயே இருந்துவிட்டாள். ஜீவாவுக்குத் தலை சீவி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதெல்லாம் நான்தான். நான் கல்யாணம் கட்டவில்லை. வருகிறவள் ஜீவாவை எப்படிப் பார்ப்பாளோ என்று ஒரு பயம். கட்டாதே என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துஷாந்தைப் பற்றி ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் முயற்சி செய்தேன். குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். வாய்தான் ஓயாது. வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, "என்னா மச்சான், இன்னைக்கும் பருப்புதானா? நாக்கு செத்துப் போகலையா ஒங்களுக்கு?" என்பான். ஜீவா விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஜீவா அவனுடைய தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், மாமியார் அம்மாக்கண்ணுவோடு இருந்தாள். என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறி கொண்டுவருவாள். அது போதுமாக இருந்தது எனக்கு. போன தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துஷாந்த் சொன்னான்.

"சீசன் முடிஞ்சதும் காரக் குடுத்துட்டு வத்தளைப் பக்கம் போயிரலாம்னு இருக்கோம் மச்சான். கம்பனி பஸ் ஓட்ட ஆள் கேக்குறாங்க. இவளும் தையல் வேலைக்குப் போறேங்குறா. நீங்களும் வந்துருங்களேன், கொழும்புல இல்லாத ஒடஞ்ச கண்ணாடியா?"

ஜீவா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "லீவு கெடச்சா வந்துருவோம்ணே, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள். வந்துருவோம் என்று விருந்தாளிகள்தான் சொல்வார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்கழியில் மலை ஏறுகிற சீசன் தொடங்கியது. துஷாந்த் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு நல்லதண்ணிக்குப் போவான். அவர்கள் இரவில் சிவனொளிபாத மலைக்கு ஏறி, விடிந்து இறங்கும் வரை காரிலேயே தூங்குவான். இப்படி வாடகைக்கு ஹயர் ஓட்டுகிற எல்லாருமே அப்படித்தான். குளிர் தாங்க முடியாது, என்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில்தான் நோர்வூட் பக்கம் ரோட்டோரம் புல் வெட்டுகிற மெஷின் ஒரு கல்லைத் தூக்கி அடித்து, காரின் பின்பக்கக் கண்ணாடி போய்விட்டது. நான் சொன்ன அந்த அசையாத கண்ணாடி. அவன் ஓர் உர பேக்கை வெட்டி, டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டினான்.

என்னிடம் கேட்டது ஜீவாதான். கடைக்கே வந்தாள். "அந்தப் பேக் வழியா பனி கொட்டுதுண்ணே. மனுசன் இருமி இருமித் தூக்கமில்லாம கெடக்குறாரு. எப்பிடியாச்சும் ஒரு கண்ணாடி தேடிப் போட்டுக் குடுங்கண்ணே" என்றாள். கொழும்பில் சொல்லிவைத்து அதே மாடல் காரின் பழைய கண்ணாடி ஒன்றை எடுப்பித்தேன். பழையது நல்லது, சார். அளவு பிசகாது. இதையும் ஆட்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கண்ணாடி வைப்பதற்கு முன்னால், உடைந்து உதிர்ந்த தூளைத் துப்புரவாக எடுக்க வேண்டும். டிக்கியில் கார்பெட்டுக்கு அடியிலெல்லாம் போய்க் கிடக்கும். நான் கார்பெட்டைத் தூக்கினேன். தகரம் துருப்பிடித்து, என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நேர் கீழே சைலன்சர் குழாய், அதிலும் பொத்தல். ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அந்த வருஷத்து மழைக்குத்தான் தகரம் முழுதாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். என்ஜின் ஓடினால் புகை நேரே காருக்குள்தான் வரும். அவன் இதுவரை உயிரோடு எழுந்து வந்ததற்குக் காரணம் உடைந்த கண்ணாடிதான். உர பேக்கின் ஓரமாக வந்த அந்தப் பனிக்காற்று.

இது எனக்குக் கார்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதே விளங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது என்று சொல்லத்தான் இங்கே வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அப்போதே விளங்கிவிட்டது.

துஷாந்த் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜீவாவோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே வெல்டிங் கடை இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும். நான் கண்ணாடித் தூளைக் கூட்டி எடுத்தேன். கார்பெட்டைப் பழையபடி விரித்து, நாலு மூலையையும் அமுக்கிவிட்டேன். அந்த ஓட்டையை நான் போடவில்லை. என்னிடம் கேட்டது கண்ணாடி, நான் போட்டதும் கண்ணாடி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த மாதிரிக் கண்ணாடி ஒட்டி முடித்ததும் நான் எல்லாரிடமும் ஒன்று சொல்வேன். பசை இறுகும் வரை ஏதாவது ஒரு கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள் என்பேன். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளிவிடும். என் கையால் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

"வேற ஏதும் கவனிக்கணுமா மச்சான்?" என்று துஷாந்த் கேட்டான்.

"எல்லாக் கண்ணாடியையும் நல்லா ஏத்தி வைங்க மாப்பிள்ள. பனி பட்டா பசை புடிக்காது. ரெண்டு மூணு நாளைக்கு எறக்கவே வேணாம்" என்றேன்.

"ஒங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?" என்று சிரித்துக்கொண்டே காரை எடுத்தான். அவன் நல்ல பையன், சார். சொன்னதைக் கேட்பான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் போயா, பௌர்ணமி லீவு. ஹயர் ஆட்களோடு துஷாந்தின் காரில் போய்த் தானும் மலை ஏறப் போவதாக ஜீவா சொல்லியிருந்தாள். அவர்கள் கிளம்ப வேண்டிய அன்று பகலே போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் என்றேன். பயணத்தை விட்டுவிட்டுக் கொத்தமல்லி, இஞ்சியோடு ஓடி வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடே இல்லையேண்ணே" என்றாள். "உள்ளுக்குள்ள காயுதும்மா" என்றேன். கசாயம் வைத்துக் கொடுத்துவிட்டு என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். யோசிக்காமல் செய்த காரியம் இது என்று யாராவது எனக்காகப் பேச வந்தால், இதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

விடிந்த பிறகு கந்தப்பன் போன் பண்ணினார். அவரும் நல்லதண்ணிக்கு ஹயர் ஓட்டுகிறவர். மலை இறங்கி வந்தவர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனை எடுத்தது ஜீவா. அவள் போட்ட சத்தத்தை நான் எழுதச் சொல்லப் போவதில்லை.

சாவு வீட்டில் கந்தப்பன்தான் சொன்னார், யாரையும் குறை சொல்லி அல்ல. "அந்த ஒர பேக்கு இருந்திருந்தாக்கூட காத்து வந்திருக்கும். பாவிப் பய நேரம், கண்ணாடியப் போட்ட கையோட நடக்கணுமா?" ஜீவா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானேண்ணே போடச் சொன்னேன். நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவரு இருமிக்கிட்டாவது இருந்திருப்பாரே" என்றாள்.

"விடும்மா" என்றேன். உண்மை நாக்கு நுனி வரை வந்தது என்றெல்லாம் சொன்னால் அது பொய்.

காரியம் முடிந்ததும் அம்மாக்கண்ணுவின் காலில் விழுந்து, "ஒங்க மகனக் கொன்னவ நான்தான் அத்த" என்று சொல்லியிருக்கிறாள். பெற்ற வயிறு, அந்த அம்மா என்ன செய்யும். வாசலை விட்டுப் போ என்று சொல்லிவிட்டது. லயத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போனது ஜீவாவின் துணிப் பையை எடுத்து வருவதற்கு. இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள், அவளுடைய பழைய அறையில். வத்தளைப் பேச்சு இல்லை. எங்கேயும் போவதில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள், தான் சாப்பிட மாட்டாள். என்ன கேட்டாலும் தலையாட்டுவாள். நான் நினைத்தது இதைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சோறு எனக்குத் தொண்டையை விட்டு இறங்குவதில்லை, சார். பாவம் செய்தவன் நான், பட்டினி கிடப்பவள் அவள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி விழுங்குவது?

நேற்று திம்புள்ள பக்கத்து வாத்தியார் ஒருவர் வந்தார். அதே பின்பக்கக் கண்ணாடி. காரில் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். கார்பெட்டை முழுதாகக் கழற்றி வெளியே எடுத்து, அடித் தகரத்தை டோர்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணாடியை ஒட்டிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். வரவில்லை. வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?" என்றார். ஒன்றுமில்லை என்று கை காட்டினேன். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் ரோட்டில் கொஞ்ச தூரம் கார் பின்னால் ஓடினேன். டிக்கோயா பாலத்துப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். இன்று காலை கடையைத் திறக்கவில்லை, நேரே இங்கே வந்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஓட்டையைப் பார்த்தேன். சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றி வைக்கச் சொன்னேன். தங்கச்சியை என் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டு, துஷாந்தைச் சாக விட்டேன். இல்லை, அப்படி எழுத வேண்டாம். கொன்றேன் என்றே எழுதுங்கள். கோர்ட்டில் மாற்றிப் பேச மாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஜீவாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதற்கு அண்ணனைப் பிடித்தீர்கள் என்று அவள் கேட்டால், திருட்டுக் கண்ணாடி வாங்கினான் என்று சொல்லுங்கள். தன்னால்தான் புருஷன் செத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். அது அவளுக்குப் பழகிவிட்டது, தாங்கிக்கொள்வாள். நான் செய்தது என்று தெரிந்தால் ஜெயிலுக்கு என்னைப் பார்க்கக்கூட வர மாட்டாள். அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள், என்னை விட்டால்?