பெனாயா வான்னு சொல்லணும்

அதத்தாம்மா நானும் காலையிலேருந்து சொல்றேன். கதவு தெறக்குது, கொஞ்ச நேரம் முழிக்குது, பட்டுனு சாத்திக்குது. என் கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. கிளவுட்டுல நீங்க வாடகைக்கு விட்டிருக்கீங்களே, அந்த மிஷின்தான் மொரண்டு புடிக்குது.

மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா தர்றேன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லாதீங்க. ஏழு வருஷத்து அலைக் கணக்கு அதுக்குள்ள கெடக்கு. எங்க கண்டாவுத் தீவுல பவளப்பாறைச் சந்துல மிதவை ஒண்ணு போட்டிருக்கோம். அது சொல்றதப் பாத்து, உள்ள வரலாம், வராதேன்னு படகுக்காரங்க போனுக்குச் சேதி அனுப்பறது அந்த மிஷின்தான். நேத்துலேருந்து வாயே தெறக்கல, நான் உள்ள போயித்தான் எழுப்பணும். பள்ளிக்கூட லீவுக்கு வர்ற புள்ளைங்களோட ரெண்டு படகு சந்துக்கு வெளிய நிக்குது. பெட்ரோல் எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்தச் சந்து லேசுப்பட்டதில்ல. என் மச்சான் படக முழுங்கிட்டு, மறுநாள் ஏப்பம் விட்டுத் துடுப்ப மட்டும் துப்புச்சு. சிரிக்காதீங்க. துடுப்பு வார்னிஷ் அடிச்சாப்ல இருந்துச்சு.

ஆமா, மிஷின் தெறக்கறப்போ மொதல்ல படிக்கிற ஃபைல்ல கைய வச்சது நாந்தான். எங்க ஊர்ல யார் வீட்டுக்குள்ளயும் சும்மா நுழைய முடியாதும்மா. இடிச்சுக் கரைச்சுக் குடிக்கற யங்கோனா வேரக் காணிக்கையா எடுத்துட்டுப் போயி வாசல்ல உக்காந்து கொரல் குடுக்கணும், உள்ளேருந்து வான்னு சொல்லணும். மிஷின் எனக்கும் என் கூட்டாளி பெனாயாவுக்கும் பொது. நான் நுழைஞ்சா அவன் போனுல வரலாமான்னு கேக்கும், அவன் நுழைஞ்சா என் போனுல கேக்கும். பதில் வரலன்னா சாத்திக்கும். ஒரு தடவ அவன அரைநாள் வாசல்லயே காய விட்டேன்.

பெனாயாவையா? அவன் எடுக்க மாட்டான். அத விடுங்க.

மறுபடியும் சேஃப் மோடா? அது சன்னல் ஏறிக் குதிக்கற மாதிரில்ல இருக்கு. அந்த ஃபைலப் படிக்காமலே தெறக்கும், சரி. உள்ள இருக்கறது ஒண்ணும் போகாதே? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சொன்னீங்களா... சரி, சொன்னீங்க.

மேல மூணு புள்ளி. ம், அமுக்கிட்டேன்.

தெறந்துருச்சும்மா. ஒண்ணுமே கேக்கல. அந்த ஃபைலோட பேர மாத்தணும், அவ்வளவுதானே? மாத்தியாச்சு. இப்போ சாதாரணமா தெறக்கறேன்... நிக்குது. சாத்தல. இருங்க, சேதி அனுப்பற புரோகிராம், அதான் எங்க அலைக்காரன், அவன எழுப்பறேன்.

கேட்டுச்சா? என் போன்தான். வரலாங்குது. அதோ, ரெண்டு படகும் மூக்கத் திருப்பிட்டாங்க, சன்னல்லேருந்தே தெரியுது.

இல்லம்மா, அந்தக் கேள்விய இனிமே திரும்பப் போட வேணாம். பெனாயா போனா? அவன் சட்டைப் பையிலதான் இருக்கு. முந்தாநாள் பொதைக்கறதுக்காக அவனப் பாயில சுத்தறப்போ எடுக்கப் போனாங்க, நாந்தான் இருக்கட்டும் விடுங்கன்னேன். நெறைய சார்ஜ் வேற இருந்துச்சு. காலையிலேருந்து நான் தட்டினதெல்லாம் அங்கதான் அடிச்சிருக்கும், பாவம்.

வச்சிராதீங்க. உள்ள வந்தது வந்துட்டேன், யாராவது ஒருத்தர் சொல்லணும்ல. நீங்க ஒரு தடவ வான்னு சொல்லிருங்க. வாங்க இல்லம்மா, வா. அவன் அப்பிடித்தான் சொல்லுவான்.