ராசியான சோபா

ஆப்பிள் பை பலகாரத்துக்கு மாவு தேய்க்க நான் காலி வினிகர் பாட்டிலைத்தான் உருட்டுகிறேன். கட்டை இருக்கிறது. வேறு வேலையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சோளக்காட்டை விட்டால் ஒரு பேஸ்பால் மைதானம். பெரிய லீக் கனவோடு பையன்கள் வந்து இங்கே சின்ன லீக் ஆடுவார்கள். சம்பளம் வாடகைக்குக் காணாது. அதனால் ஊரில் ஆளுக்கொரு பையனை வீட்டில் வைத்துக்கொள்வோம். என் கணவர் ஹோமர் போன பிறகு நானும் ஆரம்பித்தேன். நன்றாகச் சாப்பிடுவார்கள், நன்றாக ஆடுவார்கள், மேலே போய்விடுவார்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். அடுத்ததற்கு அதுவும் வராது. வளர்த்த கிடா மார்பில் பாய்ந்தால்கூடத் தேவலை, பக்கத்திலாவது இருக்கும்.

பிறகு ரஸ்ஸல் வோடிச்கா வந்தான். பந்து எறிபவன், வலது கைக்காரன். அவன் எறிந்தால் மட்டை வைத்திருப்பவன் காற்றைத்தான் அடிப்பான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த பையனும் அவன் ஒருவன்தான். "வெர்னாம்மா, நீங்க உக்காருங்க" என்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவன் அறைக்குப் பெயிண்ட் அடித்த அன்று கூடத்துச் சோபாவில் படுத்தான். மறுநாள் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஜெயித்தான். ஜெயிக்கும்வரை எதையும் மாற்றக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் வேதம். அதே காலுறை, துவைக்காமல். அதே முட்டை, அதே தட்டு.

அன்று படுக்க, தலையணையோடு அறைக்குக் கிளம்பினான்.

"போ கண்ணு, மெத்தையிலேயே படு. இன்னிக்கு ஜெயிச்சது என்ன சோபாவா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து சோபாவில் படுத்தான். வரிசையாக ஜெயித்தான். பெரிய லீக்கிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வரப்போவதாக ஊரெல்லாம் பேச்சு.

"வெர்னாம்மா, வலது தோள்கிட்ட ஸ்ப்ரிங் குத்துது."

"குத்தட்டுமே. அதுதான்டா உன் ராசி."

"பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"பாரேன். அப்புறம் தோத்துட்டு வந்து எங்கிட்ட அழக் கூடாது."

பிரிக்கவில்லை. எங்கள் சோபாவில் ஸ்ப்ரிங்கே கிடையாது, வெறும் பஞ்சு.

வலியை அவன் வெளியே சொல்லவில்லை. சொன்னால் ராசி போய்விடுமாம். பெரிய லீக்காரர் வந்து உட்கார்ந்த அன்று அவன் எறிந்த பந்து பாதி வழியிலேயே விழுந்தது. தோளில் அறுவை. நான்தான் சூப் ஊட்டினேன். மறுவருஷம் தேறி வந்தான். வந்ததும் அவனே அந்தச் சோபாவைக் கேட்டான், நான் வாயே திறக்கவில்லை. மறுபடி ஜெயித்தான், மறுபடி கத்தி. மூன்றாம் வருஷம் முழங்கையும் போயிற்று. தோளுக்குப் பயந்து முழங்கையைப் படுத்திவிட்டான் என்றார் டாக்டர். முழங்கைக்கு நான் பொறுப்பில்லை.

அணி அவனை அனுப்பிவிட்டது. சொந்த வீட்டுக்குப் போக வெட்கம், இங்கேயே தங்கிவிட்டான். தீவனக் கடையில் வேலை. கை தலைவரை எழும்பாது. தினமும் காலையில் நான்தான் வாரிவிடுகிறேன்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் வெர்னாம்மா?" என்பான்.

நானும் யோசித்துப் பார்ப்பதுண்டு. அவனை டிவியில்தான் பார்த்திருப்பேன்.

இப்போது அவனுக்கு நல்ல மெத்தை. சோபா காலி. பேச்சுத்துணை இல்லாமல் பிள்ளை வாடுகிறான். அவனுக்காகத்தான் இன்னொரு பையன் வேண்டுமென்று அணியிடம் சொல்லிவைத்தேன். வியாழக்கிழமை வருகிறான். இவன் இடது கைக்காரனாம். சோபாவைப் பிரித்து, வலது பக்கம் இருந்த மாவு தேய்க்கும் கட்டையை எடுத்து, இடது தோள் படும் இடத்தில் வைத்துத் தைத்துவிட்டேன்.

புதுப் பையன் அறைக்குப் பெயிண்டும் வாங்கியாயிற்று.