சிரிப்புக்குக் காத்திருந்தவன்

எனக்கு ஐந்தே நிமிடம் என்று கறாராகச் சொல்லியிருக்கும் தலைவர் திருமதி வெண்டல் அவர்களே! நிலக்கரிச் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்தும் நிமிர்ந்தே அமர்ந்திருக்கும் ஸ்க்ராண்டன் நகரத்துப் பெரியவர்களே! பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டு எனக்குச் செவிகொடுக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லூயி ஹெனிகனின் வணக்கம்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். கொட்டகைச் சுவரொட்டிகளில் எழுத்துக் கற்றவன். என் இலக்கணம் பிசகலாம், உண்மை பிசகாது. இன்று நீங்கள் போற்ற வந்திருக்கும் எம்லின் பிராசரோடு பதினோரு ஆண்டுகள் பல்சுவை மேடையில் நின்றேன். நான் கேட்பேன், அவன் பதில் சொல்வான், ஊர் சிரிக்கும். அழைப்பிதழில் என் பெயர் இல்லை. பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் எழுந்தது அதற்காக அல்ல.

சற்று நேரத்தில் அவனுடைய கடைசி மௌனப்படம் இங்கே ஓடப்போகிறது. அதில் அவன் சும்மா நிற்கும் இடங்களையெல்லாம் வெட்டி ஒரு பிரதி செய்திருக்கிறார்கள். தொய்வாம்! வெட்டாத பிரதியும் மேலே படம் ஓட்டும் அறையில் இருக்கிறது. இன்று ஓடுவது நூலகப் பெட்டகத்துக்குப் போகும். ஓடாதது குப்பைக்குப் போகும். எதை ஓட்டுவது? தலைவர் கையசைத்தால் போதும். அதற்குமுன் கேளுங்கள்.

மேடைச் சிரிப்பாளனுக்கு மூச்சு எது? வசனமா? வேடமா? விழுந்து எழும் வித்தையா? இல்லை, இல்லவே இல்லை. உங்கள் சிரிப்பு எழுந்து, உயர்ந்து, ஓயும்வரை நிற்கிறானே, அந்த நிற்றல்தான் அவன் மூச்சு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, கோடைகாலம். ஃபோர்ட் லீ படப்பிடிப்புக் கூடம். துணைக்கு நானும் போயிருந்தேன். எதிரே கூட்டமில்லை, கேமராவின் கைப்பிடி சுற்றும் ஓசை மட்டும். எம்லின் விழுந்தான், எழுந்தான், அப்படியே நின்றான்.

"ஏன்யா நிக்கிற? ஃபிலிம் ஓடுது" என்றார் டைரக்டர்.

"அவங்க இன்னும் சிரிச்சு முடிக்கலையே."

"எவங்க?"

"மாடி சீட்டுல இருக்கறவங்க. அவங்க எப்பவுமே லேட்டுதான்."

அன்று எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? ஒரு நிற்றலைப்போல் இன்னொன்று இல்லை. ஒன்று குறுகியது, ஒன்று நீண்டது. ஒருமுறை வெறுஞ்சுவரைப் பார்த்து முகம் சுளித்து, யாரோ இருமுவதாகச் சொல்லி, அது ஓயும்வரை நின்றான்.

பிறகு அந்த ஏணிக் காட்சி. தலையில் சுண்ணாம்பு வாளியோடு ஏறியவன் பாதியில் நின்றான், வலப்பக்கம் திரும்பினான். சுண்ணாம்பு முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இறங்கியதும் என் கையைப் பிடித்தான்.

"வலதுபக்கம் அம்மா அழுவுதுடா லூயி. எதுக்குடா அழுவுது?"

அவன் தாயோ இந்த ஊரில் வெள்ளரிக்காய் ஊறவைத்துக்கொண்டிருந்தார். தந்தி கொடுத்தோம். 'நலம், சாப்பிட்டாயா' என்று பதில் வந்தது. அக்டோபரில் விஷக்காய்ச்சல் எம்லினைக் கொண்டுபோயிற்று. வயது முப்பத்துநான்கு.

அடுத்த ஏப்ரலில், ஒரு பிற்பகல், இதே ஊரில் படம் ஓடியது. வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் அவன் தாயின் அருகே இருந்தேன். அவன் திரையில் நின்றான், சிரிப்பு எழுந்தது. சிரிப்பு ஓய்ந்தது, அவன் நகர்ந்தான். மாடி தாமதமாகச் சிரித்தது, மாடிக்கும் காத்திருந்தான். பின்னால் ஒருவர் இருமினார். திரையில் அவன் முகம் சுளித்தான்.

ஏணி வந்தது. அதுவரை அழுகையை அடக்கியிருந்த அந்தத் தாய் விம்மிவிட்டார். எம்லின் திரும்பினான். வலப்பக்கம். எங்கள் பக்கம். உதடு அசைந்தது. அதற்குத் திரையில் வசனம் காட்டும் எழுத்து அட்டை கிடையாது. பெற்றவளுக்கு அட்டை எதற்கு?

"அழாதம்மாங்கறான், லூயி" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "சரிடா" என்றார்.

தொய்வா இது? தலைவர் அவர்களே, இதுவா தொய்வு?

பின்வரிசையில் ஒருவர் தற்செயல் என்கிறார். இருக்கட்டும் ஐயா. கடைசிக் காட்சியையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முன்னால் வந்து, காதருகே கைவைத்து, அவன் நெடுநேரம் நிற்பான். அந்த ஏப்ரலில் அந்த நிற்றலுக்குச் சிரிப்பே எழவில்லை. ஜனங்கள் தொப்பியைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்கள். அது அவர்களுக்கான நிற்றல் அல்ல. எனக்குத் தெரியும். படம்பிடித்த அன்றே அவனைக் கேட்டிருந்தேன்.

"ஒரு கிழவன் பேசிட்டே இருக்கான்டா" என்றான். "கோவமாப் பேசறான். குரல் உன்னோடது மாதிரியே இருக்கு. கூட்டம் கப்சிப்னு கேக்குது."

"அப்புறம்?"

"நன்றி சொல்லிட்டு உக்காந்துட்டான். அதுக்கப்புறம் அவங்க சிரிச்சாங்களா இல்லையான்னு தெரியறதுக்குள்ள டைரக்டர் நிறுத்திட்டாரு."

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ மேடைகள் அழைத்தும் நான் ஏறவில்லை. கர்வம் என்றார்கள். கர்வமல்ல, தோழர்களே, அந்தக் கிழவன் நான்தானோ என்ற பயம். இன்று ஏறினேன். வெட்டிவிடுவார்கள் என்றதும், பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. இதோ, நான் பேச, நீங்கள் அசையாமல் கேட்கிறீர்கள். தற்செயல் என்றவரும் கேட்கிறார்.

தலைவர் கையை உயர்த்துகிறார். எதற்கு அம்மா? முழுப் பிரதிக்கா? மேலே இருப்பவருக்குக் கேட்கும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டார். அவருக்கும், பொறுமை காத்த பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் என் நன்றி. வணக்கம். நான் உட்காருகிறேன். விளக்கை அணையுங்கள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.