காத்த யாரு பாகம் பிரிச்சா

டெஸ்டுக்கு இலை கிள்ளறதுன்னா அந்த நடுக்கொடி வேணாம் மேடம், இந்தா, வரப்போரத்துத் திராட்சக் கொடியில கிள்ளுங்க. காத்து மலையிலேர்ந்து எறங்கி, என் நிலத்த ஒரு சுத்து சுத்திட்டுத்தான் அவரு பக்கம் போகும். எங்கப்பா நிலத்தத்தான் பாகம் பிரிச்சாரு, காத்தப் பிரிக்கல.

நானா? அஸ்ஸாஃப். ஒயின்காரரு நக்லேவுக்குத் தம்பி. சொல்லிருக்க மாட்டாரே. எங்களுக்குள்ள பேச்சு இல்ல. சாவு வீட்டுலகூட நடுவுல பாதிரியார நிக்க வச்சுத்தான் நிப்போம்.

மண்ண நாக்குல வச்சுப் பாக்கச் சொன்னாரா? வச்சீங்களா? அய்யோ பாவம். அதுக்கு முன்னாடி கழுத எங்க நின்னுச்சுன்னு பாக்க வேணாமா? டிராக்டர் ஏறினா மண்ணுக்கு மூச்சு முட்டுமாம், கழுதைய வச்சு உழுவறாரு. அது பாதிச் சாலுல நின்னுக்கும். இவரு பிரெஞ்சுல கெஞ்சுவாரு. அரபில திட்டினா அது மனசு ஒடஞ்சிருமாம்.

அந்த செவப்பு டப்பாவா? பொம்பளப் பூச்சி வாசனையாம். அந்த வாசனை தோட்டம் பூரா வீசினா, ஆம்பளப் பூச்சி எங்க போறதுன்னு தெரியாம சுத்திச் சுத்தி விழுந்துருமாம். கல்யாணமே வேணாம்னு இருக்கற மனுஷன், ஊருப் பூச்சிக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு பண்றாரு.

போன தடவ இலையில மருந்து இருக்குன்னு உங்க ஆபீசுல திருப்பி அனுப்பிட்டாங்கல்ல, அது என் மருந்துதான். காத்துக்கு வரப்பு தெரியுமா? இந்தத் தடவையும் மருந்தடிக்காத தோட்டம்னு முத்திரை கெடைக்கலன்னா, நிலத்த வித்துட்டு பெய்ரூத்துல டாக்ஸி ஓட்டப் போறாராம். சந்தையில சொல்லிருக்காரு. கழுதையே ஓட்டத் தெரியல, டாக்ஸியாம்.

என் பக்க இலையும் வேணுமா? தாராளமா. கொத்தையும் புடிச்சுப் பாருங்க. மெதுவா, புழு கையில ஏறும். ஆமா, எல்லாக் கொத்துலயும்தான். அரக் சாராயம் காய்ச்சறவன் பாத்துட்டு, ஓசில குடுத்தாலும் வேணாம்னு போயிட்டான்.

மருந்து மிஷினா? ரிப்பேருலாம் இல்ல. கொட்டாயில நிக்குது, மேல கோழி அடகாக்குது. மலையில பனி உருகுனதுலேர்ந்து நான் அதத் தொடல.

இத அவருகிட்ட சொல்லிராதீங்க, என்ன? தம்பி சோம்பேறி, அதான் புழு விழுந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கறாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்.

அந்தக் கடைசிக் கொடியிலயும் ஒரு இலை கிள்ளிக்கங்க மேடம்.